வீட்டுக்காரன் எண்ட பட்டம்

மனே, நீ வீடு வாங்கப் போறியாம் எண்டு கேள்வி. நல்லது. கடன் குடுக்கிறவன் சிரிக்கிறான். காணி விக்கிறவன் சிரிக்கிறான். நடுவில நிண்டு தரகு வாங்கிறவன் கடைவாய்ப் பல்லுந் தெரியச் சிரிக்கிறான். வாங்கிற நீ மட்டும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிரிக்காய்?

நித்திரையும் இல்லையாமே? போனுக்குள்ள ஒரு கணக்கு வச்சிரிக்கியாம். ஒரு பக்கம் வாடகை, மறுபக்கம் வங்கித் தவணை. வட்டியை ஒரு புள்ளி கூட்டித் தட்டினா 'வாடகைக்கே இரி' எண்டுதாம். காணி விலை வருசா வருசம் ஏறும் எண்டு போட்டுத் தட்டினா 'வாங்கு' எண்டுதாம். நீ போட்டதைத்தானே அது உனக்குத் திருப்பித் தருது? அதுக்கு அம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாத்திரிக்கலாம். கற்பூரச் செலவோட முடிஞ்சிரிக்கும்.

கணக்கை மறுகாப் பாப்பம். முதல்ல இதைச் சொல்லு. வீடு உனக்கு இரிக்கவா, காட்டவா?

இரிக்கத்தான் எண்டு சொல்லுவாய். கேட்ட எல்லாரும் அப்பிடித்தான் சொன்னாங்க. அப்ப தரகன் கூட்டிப்போய்க் காட்டின வீட்டில முதல்ல ஏன் கேற்றைத் தடவிப் பாத்தாய்? கிணத்தை ஏன் எட்டிப் பாக்கல்ல? வாயில விட்டுப் பாத்தியா தண்ணி உவரா நல்லதா எண்டு? நம்மட ஆத்தங்கரையில கேற்றுக்குப் பூசின வர்ணத்தைக் குடிச்சு எவனாவது தாகம் தீத்திரிக்கானா?

உனக்கு ஒரு பழைய சங்கதி சொல்றன். மட்டக்களப்புப் பகுதியில ஆம்பிளைக்கு எப்ப மனே வீடு இரிந்தது? பிறக்கிறது தாய்ட வீட்டில. கலியாணம் முடிச்சாப் போறது பொஞ்சாதிட வீட்டுக்கு. மகள் வளந்தா அந்த வீடு மகளுக்கு. எழுவான்கரையில பிறந்தவன் படுவான்கரையில பொண்ணெடுத்தா, உடுப்பைச் சுருட்டிக்கொண்டு மண்முனைப் பாதைப் படகில ஏறி, ஆத்தைத் தாண்டி, மாமியார் வளவில போய் இறங்கினான். 2014ல அவடத்த பாலம் வந்திட்டு. இப்ப மோட்டார் சைக்கிள்ள போய் இறங்கிறான்.

ஆக தாய், பொஞ்சாதி, மகள் எண்டு மூணு பேர்ட வீட்டில குடியிரிந்த மனிசன். ஒண்டும் அவன்ட பேரில இல்ல. வாடகை குடுக்கல்லத்தானே எண்டு கேப்பாய். வெள்ளாமை வெட்டி, சூடடிச்சு, மாமியார்ட அட்டுவத்தில மூட்டை மூட்டையாக் கொட்டினானே, அது பின்ன என்னத்துக்குச் சேத்தி?

டெனிஸ் மக்கில்வ்ரே எண்டு ஒரு அமெரிக்கர், 1970 வாக்கில அக்கரைப்பற்றில வந்து தங்கி, இந்தத் தாய்வழிக் குடி, சீதன வீடு எல்லாத்தையும் விசாரிச்சு, பெரிய புத்தகமா எழுதினவர். நம்மட கிழவிகளிட்ட ரெண்டு வெத்திலையைக் குடுத்திரிந்தா ஒரு பின்னேரத்தில சொல்லி முடிச்சிரிப்பாளுகள். அதுக்கும் முந்தி, 1876ல, பிரிட்டோ எண்டவர் இந்தப் பகுதிட முக்குவச் சட்டத்தப் புத்தகமாப் போட்டார். அதுக்குள்ள பாத்தா இன்னும் வேடிக்கை. ஆம்பிளைட முதுசம் அவன்ட பிள்ளைக்குப் போகாது. சகோதரிட பிள்ளைக்குப் போகும். அந்தச் சட்டம் மங்கிப் போயிட்டு. சீதன வீடு மட்டும் அசையாம நிக்கிது.

'வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைப் பண்ணிப்பார்' எண்டு சொல்றாங்களே, மத்த ஊர்ல அது ரெண்டு பாடு. இஞ்ச ஒண்டே பாடு. பொண்ணுக்குக் கலியாணம் எண்டா வீடு, வீடு எண்டாப் பொண்ணுக்குக் கலியாணம்.

எனக்கு மூணு பொண்ணுகள். மூத்தவளுக்கு நாங்க இரிந்த வீட்டைக் குடுத்தம். குடுத்திட்டு, கோடிப்பக்கத்தில கிடுகால ஒரு கொட்டில் போட்டு நானும் பொஞ்சாதியும் இறங்கினம். நடுவிலாள் வளந்தாள். அந்தக் கொட்டிலைக் கல்வீடாக்கி அவளுக்குக் குடுத்திட்டு மறுகாவும் இறங்கினம். கடைசிக்காரிக்கும் அதே கதை. சொந்த வளவுக்குள்ளயே குடி மாறிக் குடி மாறித் திரிஞ்ச ஆள் நான். இப்ப இரிக்கிறது குசினிக்குப் பக்கத்தில உள்ள சின்ன அறை. மழைக்கு ஒரு மூலை ஒழுகும். மருமகனிட்டச் சொன்னா 'பாப்பம் மாமா' எண்டுவான். வாடகைக்காரன் வீட்டுக்காரனிட்டக் கேக்கிற மறுமொழிதானே இதுவும்?

நீ என்னெண்டா வாடகை வீடா சொந்த வீடா எண்டு மண்டையப் போட்டு உடைக்காய்.

மண்டையை உடைக்க வச்சது ஆர் எண்டு எனக்குத் தெரியும். ஒரு கலியாண வீடு. ஒரு மாமி. "தம்பி, இன்னும் வாடகைக்குத்தானோ?" அவ்வளவுதான் அவ கேட்டது. கேட்டிட்டு வடையைக் கடிச்சா. நீ சாப்பிடாம வந்திட்டாய். அந்த மாமி இரிக்கிறது தகப்பன் கட்டிக் குடுத்த சீதன வீடு. ஒரு கல்லுக்கும் அவ காசு குடுக்கல்ல. அவ கேட்டா எண்டு நீ 20 வருசத்துக்கு வங்கிக்குக் கையெழுத்து வைக்கப் போறாய். அந்தத் தவணையில ஒரு மாசத்துக் காசாவது மாமி கட்டுவாவா? கேட்டுப் பாரன்.

சரி, இப்ப கணக்கு. கதைக்கு வச்சுக்கொள், கல்லடியில ஒரு வீடு 1 கோடி 50 லட்சம் சொல்றான். அதே மாதிரி வீடு பக்கத்து ஒழுங்கையில மாசம் 30,000 ரூபா வாடகைக்குக் கிடக்கு. உன்ட கையில, தாய்ட நகை, தகப்பன்ட சேமலாபம் எல்லாம் சேத்து 50 லட்சம். மிச்சம் 1 கோடி வங்கி தரும். வட்டி 12 வீதம், 20 வருசம். மாசத் தவணை 1,10,000 ரூபாக்குக் கொஞ்சம் மேல வரும். முதல் மாசம் கட்டிற அந்தக் காசில 1,00,000 வட்டிக்குப் போகும். வீட்டுக்குப் போறது 10,000. விளங்குதா? வீட்டுக்கு 30,000 வாடகை குடுக்க வெக்கப்பட்டவன், காசுக்கு 1,00,000 வாடகை குடுக்கான். அதுக்குப் பேர் சொந்த வீடாம். 20 வருசம் முடிய, வாங்கின 1 கோடிக்கு 2 கோடி 64 லட்சம் கட்டி முடிச்சிரிப்பாய்.

அந்த 50 லட்சத்தை என்னத்துக்கு விட்டாய் எண்டு கேள். அதை வைப்பில போட்டு 8 வீதம் வந்தா வருசத்துக்கு 4 லட்சம். ஒரு வருச வாடகை 3,60,000. வாடகையைக் கட்டி மிச்சத்துக்கு இறாலும் வாங்கலாம்.

'அப்ப வாடகைதான் சரி எண்டுறியளா தாத்தா?' எண்டு துள்ளாத. பொறு. வாடகை ஏறும். வைப்பு வட்டி இறங்கும். 2022ஐ மறந்திட்டியா? ஏப்ரல் 8ல மத்திய வங்கி ஒரே நாளில வட்டியை 7 புள்ளி தூக்கினது. வீட்டுக் கடன் பத்திரத்தில வட்டி மாறும் எண்டு சின்ன எழுத்தில கிடந்ததை வாசிக்காமக் கையெழுத்து வச்ச பொடியனுகள் எல்லாம் அண்டைக்குத்தான் கண்ணாடி தேடினானுகள். 10 வீதத்துக்கு எடுத்த கடன் 20ஐத் தாண்டிப் போயிட்டு. அதே வருசம் செப்டம்பர்ல விலைவாசி ஏத்தம் 70 வீதத்துக்குக் கிட்ட. ஆயிரம் சொச்சத்துக்கு வித்த சீமெந்துப் பை மூவாயிரத்துக்குக் கிட்டப் போச்சு. வீடு கட்டலாம் எண்டு காசைச் சேத்து வச்சவன் அழுதான். அதுக்கு முதல் வருசம் கட்டி முடிச்சவன் மீசையை முறுக்கினான். அவனுக்கென்ன புத்தியா? மேசன் அந்த நேரம் வேலையில்லாம இரிந்தான், அவ்வளவுதான். ஆனா இண்டைக்கும் சந்தியில நிண்டு பொருளாதாரம் படிப்பிக்கான்.

அதால கணக்கை நம்பாத எண்டு நான் சொல்லல்ல. கணக்கு உனக்கு எவ்வளவு தாங்கும் எண்டு மட்டும்தான் சொல்லும். வட்டி 20 ஆனாலும் பிள்ளைக்குப் பால்மா வாங்க மிஞ்சுமா? மிஞ்சினா வாங்கு. மிஞ்சாட்டி விரலுக்குத் தக்கதா வீக்கத்தைக் குறை.

வாடகைக்கு இரிக்கிறதும் சும்மா இல்ல மனே, அதையும் சொல்லிப்போடுறன். சுவரில ஆணி அடிக்க ஏலாது. ராவில விருந்தாளி வந்தா வீட்டுக்காரி யன்னலால எட்டிப் பாப்பா. வளவுக்குள்ள தேங்காய் விழுந்தா அது அவவுக்கு. உன்ட தலையில விழுந்தா அந்தக் காயம் மட்டும் உனக்கு. நல்லா இரிந்துகொண்டிரிக்கக்குள்ள 'மகன் வெளிநாட்டால வாறான், வீட்டை விடுங்க' எண்டுவா. மகன் வரமாட்டான். அடுத்த கிழமை கூடின வாடகைக்கு வேற ஆள் வரும்.

வீட்டுக்காரனையும் முழுசாக் குறை சொல்ல ஏலாது. ஒரு காலத்தில வாடகைக்குக் குடுத்தவன் நடுங்கினவன். 1972ல வந்த வாடகைச் சட்டம் குடியிரிக்கிறவனை லேசில எழுப்ப விடல்ல. மறுவருசம் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தது. அளவுக்கு மேல வீடு வச்சிரிந்தவன்ட வீட்டைக் குடியிரிந்தவனே விலைக்குக் கேக்கலாம் எண்டு வந்திட்டு. முதலாளி எண்டு நெஞ்சை நிமித்தினவனுகள் மருமகன்ட பேரிலயும் மச்சான்ட பேரிலயும் வீட்டை எழுதி ஓடித் திரிஞ்ச காலம் அது. எழுதி வாங்கின மச்சான் திருப்பிக் குடுத்தானா எண்டு என்னட்டக் கேக்காத. அது ஒரு நாள் முழுக்கச் சொல்ற கதை.

இப்ப ஆத்தங்கரை வழியே ஒரு நடை போ. களுவாஞ்சிகுடி, கல்லாறு, ஆரையம்பதி, எங்க பாத்தாலும் ரெண்டு தட்டு மாடி. முன்னுக்குத் தூண். தூணுக்கு மேல சிங்கம். உள்ளுக்கு மாபிள், வழுக்கி விழுந்து இடுப்பு முறிஞ்ச கிழவி ஒண்டு. மத்தபடி மனிசச் சிலமன் இல்ல. மகன் சுவிஸ்ல. ஆடி அமாவாசை மாமாங்கத் தீர்த்தத்துக்கு வருவான். மூணு கிழமை நிப்பான். குழாயைத் திறந்தாத் தண்ணி வராது, துருதான் வரும். அதைத் திருத்தி முடிக்க விமானம் ஏறுற நாள் வந்திரும்.

அவன் சுவிஸ்ல எங்க இரிக்கான்? வாடகை வீட்டில! அங்க பாதிக்கு மேல சனம் வாடகைக்குத்தான் இரிக்கி. டாக்குத்தர், பேராசிரியர் எல்லாம் வாடகைக்கு. 'இன்னும் வாடகைக்குத்தானோ' எண்டு கேக்க அங்க மாமி இல்ல. பணக்கார நாட்டுக்காரன் வாடகைக்கு இரிந்து நிம்மதியாத் தூங்குறான். அவன்ட வீட்டில கோப்பை கழுவி உழைச்ச நம்மட பிள்ளை, இஞ்ச மாடி கட்டி வௌவாலைக் குடி வச்சிரிக்கான். வௌவால் வாடகையும் குடுக்காது, விளக்கும் ஏத்தாது.

'சொந்த வீடு எண்டா எங்கயும் போகாது தாத்தா' எண்டு அண்டைக்குச் சொன்னாய். போனதைக் கண்ணால கண்டவன் நான். 1978 நவம்பர் 23, சூறாவளி. ஓடு, தகரம், வளை, தென்னைமரம் எல்லாம் ஆகாயத்தில. கிடுகு வீட்டுக்காரன் மறுநாள் கிடுகு பொறுக்கினான். ஓட்டு வீட்டுக்காரன் ஓட்டுக்கு எங்க போறது? 2004 டிசம்பர் 26, கடல். நாவலடியில ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு, நடுவில சனம். அதைப் பகிடியாச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனா அதுக்குப் புறகு நடந்ததைச் சொல்லலாம். கடலில இரிந்து இவ்வளவு தூரத்துக்குள்ள வீடு கட்டக்கூடாது எண்டு அரசாங்கம் கயிறு பிடிச்சது. தெற்கிலயும் மேற்கிலயும் 100 மீற்றர், வடக்குக் கிழக்குக்கு 200 மீற்றர். நம்மட கடலுக்கு நீளக் கால் எண்டு நினைச்சாங்களோ என்னவோ. மறுகா அதையும் தளத்தினாங்க. அதுக்குள்ள நாவலடிச் சனம் பல பேர் திராய்மடுவுக்குப் போயிட்டு. புது வீடு குடுக்கக்குள்ள பல இடத்தில 'குடும்பத் தலைவர்' எண்ட கட்டத்தில புருசன்ட பேரை எழுதினாங்க. கடற்கரையில இரிந்தது பொஞ்சாதிட சீதனக் காணி. மாத்துக்கு வந்த வீடு புருசன்ட பேரில. பரம்பரை பரம்பரையாக் குடியிரிந்த ஆம்பிளை ஒரு கடுதாசியில வீட்டுக்காரன் ஆயிட்டான். அவனுக்கே கூச்சம். அவளுக்கு வயித்தெரிச்சல். அவள்தான் சரி எண்டு நான் சொல்லுவன், ஆர் கேட்டாலும்.

அரசாங்கம் குடுத்த பெர்மிட் காணியிலயும் இதே கூத்துத்தான். 1935ல வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில, பேர் குறிக்காம ஆள் செத்தா, பிள்ளைகளுக்குள்ள பொடியனுகளுக்குத்தான் முதலிடம். வீட்டைப் பொண்ணுக்குக் குடுக்கிற ஊரில காணியைப் பொடியனுக்குக் குடுக்கிற சட்டம். எந்தக் கந்தோர் மேசையில இரிந்து யோசிச்சானோ! 2022லதான் அதைத் திருத்தினாங்க. 87 வருசம். நம்மட பொண்ணுகளுக்குப் பொறுமை கூட.

நீ வாங்கிறதெண்டே முடிவெடுத்திட்டாய், உன்ட மூஞ்சியில தெரியுது. அப்ப ரெண்டொரு விசயம் கேட்டுட்டுப் போ.

காணி பாக்கிறதெண்டாச் சித்திரையில போகாத. சித்திரையில எல்லாக் காணியும் மேட்டுக் காணிதான். தரகன் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வருவான், புழுதி பறக்கும், கல்லு நட்டுப் பேர்ச் கணக்கில பிரிச்சிரிப்பான். மார்கழியில போ. மூணு நாள் அடைமழைக்குப் புறகு போ. சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு உள்ளுக்கு நட. கால் எவ்வளவு புதையுது? தவளை எவடத்தில கத்துது? மதிலில வெள்ளம் நிண்ட கோடு எந்த உயரத்தில கிடக்கு? கண்ணாக் காட்டை வெட்டி, கிறவல் கொட்டி, 'ஆத்துக் காட்சி' எண்டு பலகை போட்டு விக்கிறான். 2011 தை மாசத்து வெள்ளத்தில ஆறு தானே வீட்டுக்குள்ள வந்து எத்தின பேருக்குக் காட்சி குடுத்தது! ஆத்துக்கு அதுட இடம் தெரியும். நொத்தாரிசு எழுதின எல்லை அதுக்குத் தெரியாது. வெள்ளம் கடலுக்கு வடிய முகத்துவாரம் வெட்டும் வரைக்கும் கட்டிலுக்கு மேல கட்டில் போட்டுக் குந்திக்கொண்டிரிக்க உனக்கு ஏலுமெண்டா வாங்கு.

உறுதியைப் பார். சண்டையில எரிஞ்ச உறுதி, கடல் கொண்டுபோன உறுதி, கறையான் திண்ட உறுதி எல்லாம் நம்மட பகுதியில தாராளம். ஒரே காணிக்கு மூணு பேர் உறுதி வச்சிரிப்பான், மூணும் பழுப்பு நிறமா இரிக்கும். நொத்தாரிசு உத்தமர் எண்டு தரகன் சொல்லுவான். நீ காணிப் பதிவுக் கந்தோரில போய் ஏட்டைப் புரட்டிப் பார். புறகு பக்கத்து வளவுக் கிழவியிட்ட ஒரு தேத்தண்ணி குடி. கந்தோர் ஏட்டில இல்லாததும் அவட்ட இரிக்கும். பெர்மிட் காணி எண்டா வெத்துத் தாளில எழுதி வாங்கிப்போட்டு வீடு கட்டாத. பிரதேச செயலகத்துக்குத் தெரியாம அது கை மாறாது.

காசு முழுசா இல்லாட்டி, ஒத்திக்கு ஒரு வீடு கிடைக்குமா எண்டும் விசாரி. ஒரு தொகையைக் குடுத்திட்டு, வாடகை இல்லாம இரிக்கலாம். எழும்பக்குள்ள தொகையை வாங்கலாம். எழுத்தை மட்டும் ஒழுங்கா வை. மாமிக்கு அது வாடகை வீடு எண்டு தெரியவே போறதில்ல.

எல்லாம் பாத்து, எல்லாம் சரிவந்து, கட்டப் போறதெண்டா கடைசியா ஒண்டு. பிளான் கீறுற பொடியன் வருவானே, அவனிட்ட விறாந்தையைப் பத்திக் கதை, தூணைப் பத்திக் கதை, என்னத்தையாவது கதை. ஆனா குசினிக்குப் பின்னால ஒரு சின்ன அறை கீறுவான். 'ஸ்டோர்' எண்டு எழுதுவான். அதில கையை வை. அதுக்குக் கிழக்க பாத்த ஒரு பெரிய யன்னல் போடச் சொல்லு. மேல காத்தாடிக்குக் கொழுக்கி. ராவில மழைக்குள்ள நடக்காம ஒட்டினாப்போல ஒரு கக்கூஸ். தரைக்கு மாபிள் வேண்டாம், இடுப்பு முக்கியம். கூரை ஒழுகாமப் பாத்துக்கொள்.

உனக்கு இப்ப மூணு வயசில ஒரு பொண்ணு இரிக்காள்தானே? இன்னும் 20, 22 வருசத்தில, வங்கிக் கடன் முடியிற நேரத்துக்குச் சரியாக் கலியாணம் வரும். அண்டைக்கு நீ இறங்கப் போறது அந்த அறைக்குள்ளதான். அதால பெரிய அறைக்கு இப்பவே ஏ.சி. பூட்டிக் காசைக் கரியாக்காத. மருமகன் வந்து பூட்டட்டும்.